எழுத எழுதத்தான் பேனா

கடலூர் மஞ்சக்குப்பத்து அரசு அலுவலக வராந்தாக்களில் சான்றிதழ் நகல்களோடு காத்துக் கிடந்த தலைமுறைக்குப் பச்சை மையின் மதிப்பு தெரியும். கெஸடட் அதிகாரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, ஜெராக்ஸ் தாளின் கீழ்முனையில் பச்சையாக ஒரு கையெழுத்தை இழுத்தால்தான் அந்த நகல் செல்லும். மை கலைந்துவிடக் கூடாதே என்று தாளை ஊதிக்கொண்டே படியிறங்குவார்கள். சுயசான்றொப்பம் வந்தபின் அந்த அலைச்சல் தீர்ந்தது, நல்லதே. அதோடு, உத்தியோகஸ்தர் பையில் மைப்பேனா இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது.

இன்று கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒருவர் பையில் மைப்பேனா இருக்கிறதென்றால் அவர் விரும்பி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கைச்செலவுக் காசை மிச்சம் பிடித்து முதல் பேனா வாங்கும் கல்லூரி மாணவர்கள் என்று இந்தப் பிரியர்கள் எல்லா வயதிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் பேனாப் பட்டறைகள் இவர்களைப் போன்றவர்களால்தான் பிழைத்திருக்கின்றன. ஆனால், ஆசையாக வாங்கிய பேனாக்களில் பல, மை காணாமலே கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. பேனா சேகரிப்பதும் பேனாவால் தினமும் எழுதுவதும் வேறு வேறு பழக்கங்களாகப் பிரிந்துவிடக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பத்துச் சொட்டுக் கடன்

ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் கேட்டுப் பாருங்கள். சிலேட்டிலிருந்து பென்சிலுக்கும், பென்சிலிலிருந்து மைப்பேனாவுக்கும் ஏறிய நாள் நினைவிருக்கும். மாணவனுக்கு நீல மை, திருத்தும் ஆசிரியருக்குச் சிவப்பு, அதிகாரிக்குப் பச்சை. யார் எந்த நிறத்தில் எழுதலாம் என்பது எழுதப்படாத சட்டம். புதுப் பேனா வாங்கினால் முதலில் பிள்ளையார் சுழி, அடுத்து சொந்தப் பெயர், பிறகுதான் வேறு எதுவும்.

வகுப்பு நடுவில் மை தீர்ந்தால் பக்கத்துப் பெஞ்சுக்காரன் சொட்டு எண்ணிக் கடன் தருவான். கழுத்தைத் திருகிக் கழற்றி, அவன் நிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக உன் குழலுக்குள் விடுவான். பத்துச் சொட்டு வாங்கினால் மறுநாள் பத்துச் சொட்டு திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சண்டை. தரையில் கொட்டிய மையைச் சாக்பீஸ் துண்டு உறிஞ்சும். நீலம் ஊறிய அந்தச் சாக்பீஸைப் பத்திரப்படுத்தி வைத்தவர்களும் உண்டு. கழுத்து மரையில் மை கசிந்தால் நூல் சுற்றுவது, நிப் அடைத்துக்கொண்டால் பாதி பிளேடையோ ஒரு தலைமுடியையோ பிளவில் விட்டு இழுப்பது என்று எல்லாரும் அரை மெக்கானிக்காக இருந்தார்கள். முழுப் பரீட்சையின் கடைசி நாளில் வாசலைத் தாண்டியதும் ஒருவர் சட்டையில் ஒருவர் மை உதறுவதுதான் பிரிவுபசாரம். அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்போதெல்லாம் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: 'உன் பேனாவை இன்னொருத்தர் கையில் கொடுக்காதே, நிப்பு கெட்டுப் போகும்.' இது வெறும் கஞ்சத்தனமில்லை. விலை மலிந்த நிப்புகளின் முனையில் இரிடியம் போன்ற கடின உலோகம் இருக்காது. எஃகு முனையே தாளில் உரசும். எழுதுகிறவர் பேனாவைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்ப அந்த முனை மெல்லத் தேய்ந்து ஒரு தளம் உண்டாகிவிடும். அந்தத் தளம் அவருக்கு வழவழப்பு, வேறு கோணத்தில் பிடிப்பவருக்குக் கீறல். பென்சிலைப் போல அழுத்தி எழுதுபவர் கையில் போனால் நிப்பின் இரு பாதிகளும் அகன்று மை தடிமனாக இறங்கும். இரிடிய முனையானால் தேய வருஷக் கணக்காகும். அதுவும் கடைசியில் தன் எஜமானர் கையைத்தான் கற்றுக்கொள்ளும்.

இந்த மாவட்டத்துக்கு மையோடு இருக்கும் உறவு பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை. புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934-ல் மஞ்சக்குப்பத்தில். சிறுகதையில் தனி வழி போட்ட மௌனி தன் பிற்காலம் முழுக்கச் சிதம்பரத்தில் வாழ்ந்து 1985-ல் அங்கேயே மறைந்தார். அவர்கள் காலத்தில் பத்திரிகைக்குப் போனது கையெழுத்துப் பிரதி. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும் என்று பத்திரிகைகள் அறிவிப்புப் போட்டதற்கு மையும் ஒரு காரணம். மறுபக்கம் ஊறி வந்த மை அச்சுக்கோப்பவரின் கண்ணைக் குழப்பும். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கும் அந்தத் தொழிலாளிதான் அன்றைய தமிழ் எழுத்தாளர்களின் முதல் வாசகர், அவர்கள் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த வாசகர்.

சாத்தூர் நிப்பும் ரெனால்ட்ஸும்

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் சிதம்பரம் வீதிகளிலும் எழுதுபொருள் கடைகளில் அந்த நாளில் நிப்பு தனியாக, நாக்கு தனியாக, கழுத்து தனியாகக் கிடைக்கும். அந்த நிப்புகளில் ஏராளமானவை சாத்தூரிலிருந்து வந்தன. சேவுக்குப் பேர்போன அந்தக் கரிசல் ஊர் பேனா நிப்புக்கும் பேர்போனது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையைக் கைப்பிரஸ்ஸில் வெட்டி, காற்றுத் துளை போட்டு, வளைத்து, நடுவே பிளந்து, முனையைச் சாணை பிடித்து மெருகேற்றுவது வரை ஒவ்வொரு வேலையும் ஒருவர் கையில் என்று குடிசைத் தொழிலாக நடந்தது. இந்தியா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய எழுத்தில் சாத்தூர்க்காரர்களின் உழைப்பு இருந்தது. அவர்கள் பெயர் எந்த நிப்பிலும் இல்லை.

பால்பாயிண்ட் வந்தது. ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ 1938-ல் காப்புரிமை பெற்ற கருவி அது. 1950-ல் பிரான்சின் பிக் நிறுவனம் அதை எல்லாரும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. நம்மூரில் ரெனால்ட்ஸ் 045, வெள்ளை உடலும் நீல மூடியுமாக, பரீட்சை ஹால்களைப் பிடித்துக்கொண்டது. கசியாது, கழுவ வேண்டாம், தீர்ந்தால் எறியலாம். கையெழுத்து கெடும் என்று தடுத்துப் பார்த்த ஆசிரியர்களும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்கள். பிறகு ஜெல் பேனா வந்தது. சாத்தூரில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

நான் பால்பாயிண்டைப் பழிக்க மாட்டேன். மழையில் நனைந்துகொண்டு நெல் கொள்முதல் ரசீது எழுதுகிறவருக்கு அதுதான் பேனா. நாலு பக்கம் உட்கார்ந்து எழுத வேண்டியவர் பாடு வேறு. உருளும் குண்டிலிருந்து பசை போன்ற மையை வரவழைக்க அழுத்த வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வில் அந்த அழுத்தம் விரலிலும் மணிக்கட்டிலும் தெரியும். மைப்பேனா தாளைத் தொட்டாலே போதும், மை தானே இறங்கும்.

அது இறங்கும் விதம் அழகானது. குழலிலிருந்து மை கீழே வரும் அளவுக்குக் காற்று மேலே போக வேண்டும். நிப்புக்கு அடியிலிருக்கும் நாக்கில் கீறப்பட்ட நுண்ணிய வாய்க்கால்கள் இந்த இரண்டு போக்குவரத்தையும் ஒருசேர நடத்துகின்றன. 1884-ல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றது இப்படிப்பட்ட நாக்குக்குத்தான். வாய்க்கால் அகன்றால் மை கொட்டும், குறுகினால் வறளும். ஒரு பேனாவின் யோக்கியதை பெரும்பாலும் அந்த நாக்கில்தான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பார்ப்பதோ மூடியின் பளபளப்பை.

திருவள்ளூர்க் கடைசல்

மைப்பேனா செத்துவிட்டது என்று எல்லாரும் முடிவுகட்டிய காலத்திலும் ஒரு சிலர் கடைசல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. திருவள்ளூரில் பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனாப் பட்டறை அப்படிப்பட்டது. சென்னை பாரிமுனையில் 1920-களிலிருந்து இருக்கும் ஜெம் அண்ட் கோ, காமா என்ற பெயரில் எபோனைட் பேனாக்களைத் தந்துவருகிறது. கோதாவரிக் கரை ராஜமுந்திரியில் ரத்தினம் பேனா இருக்கிறது. சுதேசி விரதத்தோடு கே.வி. ரத்தினம் செய்த பேனா, கிராமத் தொழில் சங்கத்தின் ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. தான் அதில் எழுதிப் பார்த்ததாகவும், கடைவீதியின் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தெரிவதாகவும் காந்தி 1935 ஜூலையில் ரத்தினத்துக்குக் கடிதம் எழுதினார். பேனாவைப் பெட்டியில் வைத்துவிட்டு அவர் நன்றி சொல்லவில்லை. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா இந்தக் கதையில் வருவது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்தப் பட்டறைகளின் மூலப்பொருள் எபோனைட். ரப்பரோடு கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால் கிடைக்கும் கெட்டிப் பொருள் அது. தண்டாக வரும் எபோனைட்டைத் துண்டு போட்டு, துளைத்து, கடைந்து, உள்ளும் புறமும் மரை வெட்டி, உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் சக்கரத்தில் பிடித்து எடுக்கிறார்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பேனாக்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கைக்கடைசலில் ஒரு பேனாவின் மூடி இன்னொன்றுக்குச் சில வேளை பொருந்தாது. அதைக் குறை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். எபோனைட் கையில் எடுத்ததும் சில்லென்று இருக்காது, உள்ளங்கையின் சூட்டுக்கு உடனே வந்துவிடும். வியர்வையில் வழுக்காது. நாக்கையும் எபோனைட்டில் கடைந்தால் மை அதில் நன்றாகப் படிந்து ஓடும். பிளாஸ்டிக் நாக்கைவிட இது மேல் என்பதில் பேனாப் பிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பெரும்பாலான நாட்டுப் பேனாக்கள் ஃபில்லரால் நேராகக் குழலுக்குள் மை ஊற்றும் வகை. ஒருமுறை நிரப்பினால் நாள்கணக்கில் எழுதலாம். இதில் ஒரு சங்கதி உண்டு. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும். நல்ல வரி எழுதும்போது சொட்டென்று ஒரு துளி விழும். அந்தக் காலத்துச் சட்டைப்பைக் கறைகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே மறுபடி நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எபோனைட் சுவர் தடிமனாக இருப்பதாலும் சூட்டை எளிதில் கடத்தாததாலும் கொஞ்சம் தாங்கும்.

இந்தப் பட்டறைகள் பிழைத்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் பால்பாயிண்டுக்குப் போன பிறகு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் சேகரிப்பாளர்கள் திருவள்ளூர்ப் பேனாவைத் தேடி வாங்கினார்கள். நீளம், கழுத்தின் பருமன், எபோனைட்டின் நிறக்கலவை என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்வித்தார்கள். ஜெர்மனியின் பாக், யோவோ, ஷ்மிட் நிப்புகள் இந்தப் பேனாக்களில் ஏறியது அதன் பிறகுதான். தினசரி எழுதியவர்கள் கைவிட்ட தொழிலைச் சேகரிப்பவர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் ஏற்றுமதியை மட்டும் நம்பிக் கடைசல் வேலை தலைமுறை தாண்டாது. பக்கத்து ஊர்க்காரர் தேய்ந்த நிப்பையும் இளகிய மரையையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். பழுது பார்ப்பதில்தான் பட்டறைப் பையன்கள் தொழில் கற்கிறார்கள்.

சுழிக்கு ஏற்ற முனை

பேனா பற்றிய பேச்செல்லாம் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து நடக்கிறது. தமிழ் கைக்கு வேறு கணக்கு. நம் எழுத்துகள் ஓலையில் வளர்ந்தவை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். ஏடுகளைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் மெய் எது, உயிர்மெய் எது என்று இடம் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஓலையில் தொடங்கி அச்சில் நிறைந்த வாழ்க்கை அவருடையது. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராகவும் இருந்தார். தாளும் மையும் வந்தபின் புள்ளிக்கு அஞ்ச வேண்டியதில்லை. மைப்பேனாவுக்கு உண்மையான சோதனையே புள்ளிதான். மெய்யெழுத்து நிறைந்த ஒரு வரியில் நிப்பு எத்தனை முறை தாளைத் தொட்டு எழும்புகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தொடுதலிலும் தயங்காமல் மை வர வேண்டும், கூடுதலாகக் கொட்டவும் கூடாது.

அடுத்தது சுழி. ண, ஞ, ழ, ஐ எல்லாம் உள்ளே சிறு சிறு கண்களைக் கொண்டவை. தடித்த நிப்பில் சின்னதாக எழுதினால் கண்கள் அடைத்துக்கொள்ளும், எழுத்து கரும்புள்ளியாகும். ஜப்பானியர்கள் நெருக்கமான கோடுகள் கொண்ட தங்கள் எழுத்துக்காக முனையை மெலிதாக்கினார்கள். பைலட் போன்ற ஜப்பானிய ஃபைன் நிப்பு, ஜெர்மானிய ஃபைனைவிட மெல்லியது. தமிழில் நோட்டுப் புத்தகக் கோட்டுக்குள் எழுதுகிறவர்களுக்கு அந்த மெலிவு பொருந்தும். பெரிய கையெழுத்துக்காரர்கள் மீடியத்துக்குப் போகலாம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் படித்தவர்களின் கையில் இன்றும் பழைய 'லை'யும் 'னை'யும் தும்பிக்கை தூக்கி நிற்கும். அந்த வளைவை ஒரே இழுப்பில் போட வளைந்து கொடுக்கும் நிப்பு வேண்டும். அப்படிப்பட்ட கையெழுத்துக் கடிதம் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், கோடு தடித்து மெலிந்து போவது தெரியும்.

என் தினசரிப் பேனாக்களைக் கேட்டால் மூன்று சொல்வேன். முதலாவது ரங்காவின் மாடல் 3, கறுப்பு எபோனைட். நீளம் கூடுதல், மூடியைப் பின்னால் சொருகாமலே எழுதலாம். இரண்டாவது, மும்பையின் ஏர்மெயில் கம்பெனி செய்த வாலிட்டி 69. மு. கருணாநிதி இந்தப் பேனாவைத்தான் விரும்பிப் பயன்படுத்தினார். தினமும் உடன்பிறப்புகளுக்குக் கடிதம் எழுதியவர் தேர்ந்தெடுத்தது ஒரு சாதாரண இந்தியப் பேனா என்பதற்கு மேல் அதற்கு வேறு சான்று தேவையில்லை. மூன்றாவது ஹீரோ. ஷாங்காயில் 1931-ல் தொடங்கிய கம்பெனி. பரங்கிப்பேட்டை சபுராளிகள் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது கோடாலித் தைலத்தோடு பெட்டியில் கொண்டுவந்த பேனா அதுதான். 1941-ல் வந்த பார்க்கர் 51-ஐப் பார்த்துச் செய்தவை அதன் பல மாடல்கள். நிப்பு உறைக்குள் ஒளிந்திருப்பதால் முனையில் மை சீக்கிரம் காயாது.

மோன்ட்பிளாங்க் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் நிப்பில் பொறித்திருக்கும் 4810, ஆல்ப்ஸ் மலைச்சிகரத்தின் உயரம் மீட்டரில். அருமையான பேனா, மறுக்கவில்லை. அதை வாங்கி, தொலைந்துவிடுமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்திருப்பதைவிட, பயமில்லாமல் பையில் செருகிக்கொண்டு போகும் பேனா மேல். பூட்டி வைத்த பேனா பத்திரமாக இருக்கிறது என்பதும் உண்மையில்லை. உள்ளே விட்டுப்போன மை வறண்டு வாய்க்காலை அடைக்கும். பழைய பேனாக்களின் ரப்பர் பை இறுகி உடையும். சேர்க்கிறவர்கள் முறை வைத்து ஒவ்வொன்றாக மை நிரப்பி எழுதட்டும். எழுதி முடித்ததும் வெறும் தண்ணீரில் கழுவி உலர்த்தி வைத்தால் அது பல வருஷம் நிற்கும்.

உப்புக் காற்று, கத்திரி வெயில்

கடலோரத்துக்குச் சில தனிக் கவனங்கள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். மை நூல் நூலாகப் பரவும், காயவும் நேரமாகும். அந்த மாதங்களில் மெல்லிய நிப்பும் அளவாக மை விடும் பேனாவும் போதும். கத்திரியில் விருத்தாசலம் பக்கம் போனால் நிலைமை தலைகீழ், மூடி திறந்த சற்று நேரத்தில் முனை வறளும். அங்கே ஹீரோ போல நிப்பு மறைந்த பேனா நல்லது. எபோனைட்டை வெயிலில் வைக்கக் கூடாது, கறுப்பு பழுப்பாகும். கழுத்து மரைக்கு இப்போது சிலிக்கான் கிரீஸ் கிடைக்கிறது, நூல் சுற்ற வேண்டாம்.

தாளுக்கு வெளிநாட்டு நோட்டைத் தேட வேண்டியதில்லை. கரூர் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாள் மைப்பேனாவுக்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. மையில் காம்லினும் பிரில்லும் எங்கும் கிடைக்கும். 1934-ல் சுதேசி மையாக வங்காளத்து ராஜ்ஷாஹியில் பிறந்து, நடுவே மூடிக் கிடந்து, மறுபடி எழுந்த சுலேகாவும் கிடைக்கிறது. ஆவணங்களுக்கென்று ஒரு தனி வகை உண்டு. எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, தாளோடு ஒன்றிப்போகும் இரும்புச் சத்து மை அது. நம் முன்னோர் கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு வரவழைத்ததும் இதே ரசாயனம். அதை ஊற்றும் பேனாவை அடிக்கடி கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வண்டல் படியும்.

வாங்க விரும்புகிறவர்கள் படம் பார்த்து வாங்குவதைவிட ஒரு நாள் ரயிலேறிவிடுவது நல்லது. சிதம்பரத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் எழும்பூருக்கு நேர் வண்டி இருக்கிறது; அங்கிருந்து பாரிமுனை பக்கம்தான். கடையில் உட்கார்ந்து மூன்று நான்கு நிப்புகளை மைதொட்டு எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். நீங்கள் தினமும் எழுதும் தாளில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், கடைத் தாள் எல்லாப் பேனாவையும் நல்ல பேனாவாகக் காட்டும். அவசரத்தில் ஆங்கிலக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பெயரை எழுதுங்கள். 'ண', 'ஞ', 'ழ' மூன்றையும் நீங்கள் வழக்கமாக எழுதும் அளவில் எழுதுங்கள். பிறகு புள்ளி வரிசையாக வரும் ஒரு சொல்லை, வழக்கமான வேகத்தில். எந்த நிப்பு ஒரு புள்ளியையும் விடாமல் வைக்கிறதோ அதைப் பொருத்தித் தரச் சொல்லுங்கள்.